நாற்பது கிலோ அதிகம்

முப்பது கிலோ அதிகம் என்றது கணக்கு. விமானத்தளத்தில் எல்லோரும் 'கிலோ' என்று கூப்பிடும் எடைக் கணக்கர், மூன்றாம் முறையாகக் கூட்டிப் பார்த்தார். அதே முப்பது.

வேறு யாராவது என்றால், "அடுத்த மாசம் வாங்க" என்று கையை விரித்திருப்பார். இன்று போவது மாமியார். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவர், நான்கு மாதமாக இவருடைய சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. அந்த அம்மாள் வசிக்கும் தீவுக்கு இந்த நாலு சீட்டு விமானம் மாதம் ஒருமுறைதான் போகும்.

"பெட்ரோலைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?" என்று விமானியைக் கேட்டார்.

"நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா நீங்க வந்து தள்ளுவீங்களா?"

படிவத்தில் மாமியார் தன் எடையை எண்பது என்று எழுதியிருந்தார். நான்கு மாதமாக ஒரு வேளை சாப்பாட்டைக்கூட நன்றாயிருக்கிறது என்று அவர் சொன்னதில்லை. ஆகவே கணக்கருக்கு ஒரு நப்பாசை.

"இளைச்சிருப்பீங்க அத்தை. ஒருதரம் மெஷின்ல ஏறி நில்லுங்க."

முள் தொண்ணூறில் போய் நின்றது.

"மெஷினை ரிப்பேருக்குக் குடுங்க மாப்பிள்ளை" என்று மாமியார் இறங்கிக்கொண்டார். முப்பது நாற்பதாகிவிட்டது.

வழியனுப்ப வந்திருந்த மனைவி மெதுவாக அருகில் வந்தாள். "பின் சீட்டுல கட்டியிருக்கே அம்மாவோட பெட்டி, அதைப் படகுல அனுப்பிட்டா என்னங்க?"

பத்து வருடமாகச் சாப்பிடும்போதெல்லாம் எடைக் கணக்கே பேசி அவள் காதைப் புண்ணாக்கியது வீண்போகவில்லை என்று அவருக்குப் பெருமையாக இருந்தது. மொத்தம் மூன்று பெட்டிகள், ஒவ்வொன்றும் நாற்பது கிலோ.

"ஒண்ணை மட்டும் எறக்கினாப் போதும், அத்தை."

"போனா மூணும் ஒண்ணாத்தான் போகணும். பிரிச்சு வச்சுத் தொலைக்கறதுக்கா?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவருக்கு. மூன்றையும் அவிழ்த்து, துறைமுகம் போகும் லாரியில் தானே தூக்கிப் போட்டார். லாரி கிளம்பிப் போயிற்று. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, விமானிக்குப் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எனக்கு முன் சீட்டுதான். பின்னாடின்னா மயக்கம் வரும்."

"தாராளமா உக்காருங்க" என்றார் கணக்கர். இறக்கைமேல் உட்காருகிறேன் என்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

விமானி காகிதத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இது கிளம்பாது."

கணக்கர் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். "என்ன சொல்றீங்க? இப்ப எண்பது கிலோ குறைவால்ல இருக்கு?"

"மொத்தம் சரிதான். ஆனா கனமெல்லாம் முன்னாடியே இருக்கு, பின்னாடி காலி. மூக்கு எழும்பாது. பின் சீட்டுல எழுபது கிலோவாவது வேணும். ஏத்த வேற சரக்கும் இல்லை."

இருபது வருடத் தொழிலில் இதைப் போய் மறந்தோமே என்று அவர் ஆடிப்போய்விட்டார். சாலையில் லாரியின் தூசிகூட அடங்கிவிட்டது.

"அத்தை, நீங்க கொஞ்சம் பின்னாடி..."

"நான் இதுலேருந்து எறங்கினா நேரா உங்க வீட்டுக்குத்தான் வருவேன்" என்றார் மாமியார்.

விமானி கணக்கரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எவ்வளவு?"

"எழுபது." எடையில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அப்ப ஏறுங்க. அடுத்த மாசம் வரும்போது திருப்பிக் கூட்டிட்டு வந்துடறேன்."

அவர் மனைவியிடம் ஓடினார். "நீயாவது சொல்லேன். ஒரு மாசம் அங்க நான் எப்படி... மாத்துத் துணிகூட இல்லையே."

மனைவி முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினாள்.

"நாலு சட்டை நேத்தே மடிச்சு வச்சுட்டேன். அம்மாவை முன் சீட்டுக் கேக்கச் சொன்னதே நான்தாங்க."