வீட்டுக்காரர் பேரும் மாட்டுக்காரர் பாட்டும்

அதனால்தான் சொல்கிறேன் மா எய், அந்தக் கல்யாணத்தில் பாட்டு பாதியில் நின்றது கரண்ட் போனதால் இல்லை. இன்சீன் மார்க்கெட்டில் இன்னும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். கரண்ட் பாவம், அன்றைக்கு ஒரு நாள்தான் ஒழுங்காக இருந்தது. பாட்டு நின்றது என்னால். நீ அப்போது லைங் தாயாவில் தையல் கம்பெனியில் இருந்தாய், உனக்கு எங்கே தெரியும்? உட்கார். அந்தப் புளிச்சக்கீரைக் கட்டை இப்படித் தள்ளு, ஆய்ந்துகொண்டே சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் பிடில் வாசிப்பது உனக்குத் தெரியும். வேதக்கோவில் பாட்டுக்கு வாசிப்பது ஊருக்காக. அவர் மனசுக்குள் ஓடுவது வேறு பாட்டு. ரயில்வே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கே இருந்த ஒரு சட்டைக்கார போர்மன், பாதி வெள்ளைக்காரர், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார். போகும்போது ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெஸ்டர்ன் ஸ்விங் என்று பேர். அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு ஜோடி ஜோடியாக ஆடுகிற பாட்டாம். (மாட்டை அப்போது யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன்.)

அமெரிக்காவிலேயே மறந்துபோன பாட்டை ரங்கூனில் எழுப்பி உட்காரவைக்கிறேன் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். ஆள் சேர்த்தார். மடியில் கிட்டாரைப் படுக்கவைத்து இரும்புக்கட்டையால் இழைத்து வாசிக்கிற ஊ சான். அவர் வழக்கமாக வாசிப்பது பழைய பர்மாப் பாட்டு. அவரைத் தேநீர் வாங்கிக் கொடுத்தே மாட்டுக்காரப் பாட்டுக்கு மாற்றினார். அப்புறம் சாதா கிட்டார் வாசிக்க எங்கள் கோவில் சாமுவேல். பேஸ் அடிக்க சாமுவேலின் மச்சான். தொப்பிக்கு எங்கே போவது? வயலில் போடுகிற மூங்கில் தொப்பியை வாங்கி, இரண்டு பக்கமும் மடக்கி நூலால் தைத்துக் கொடுத்தேன். இடுப்பில் லுங்கி, தலையில் அந்தத் தொப்பி. பார்த்தால் மாடே மிரளும்.

யாரும் கூப்பிடவில்லை. வருஷக்கணக்காகப் பட்டறைக்குப் பின்னால், கக்கூஸ் பக்கத்தில் நின்று கொசுவுக்கு வாசித்தார்கள். ஊ சானுக்கே அலுத்துப்போய், "பகோடா திருவிழாக் குழுவில் என்னைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்" என்று சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் மிங்கலாடோனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஊ தெய்ன் ஆள் அனுப்பினார். அவர் மகளுக்குக் கல்யாணம்.

"வந்தவங்க எந்திரிச்சு ஆடினா, சனிக்கிழமை தோறும் என் கடையில நீங்கதான் வாசிக்கிறீங்க. ஆடலைன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடணும், அப்புறம் என்கிட்ட வரக்கூடாது" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அன்றிலிருந்து சோற்றைப் பிசைவதைக்கூடத் தாளத்தோடு பிசைந்தார்.

கல்யாணத்தன்று காலையில் சாமுவேல் வந்து நின்றான். வாயைத் திறக்கிறான், காற்றுதான் வருகிறது. ஒரு வாரமாகப் பயிற்சியில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கிட்டார் வாசிக்க விரல் போதும். ஆனால் அந்தப் பாட்டில் ஒருத்தர் கத்தவேண்டும். அதுதான் அதில் முக்கியமாம்.

"நீ ரயில்ல வேர்க்கடலை விக்கிறப்ப கத்துவியே, அதே மாதிரி கத்து, போதும்" என்றார் இவர் என்னிடம்.

ஊரைச் சுற்றுகிற வட்ட ரயிலில் நான் 'மியேபே!' என்று கடலைக்குக் குரல் கொடுத்தால், ரயில் வருவதற்கு முன் அடுத்த ஸ்டேஷனில் சில்லறையோடு நிற்பார்கள். அதனால் பெருமையாகக் கேட்டேன், "என்னான்னு கத்தணும்?"

"யார் வாசிக்கணுமோ அவன் பேரை. பேரைக் கூப்பிட்டா அவன் தனியா வாசிப்பான். அடுத்த பேர் வர்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. இந்தப் பாட்டுக்குச் சட்டமே அதான்."

"இவ்வளவுதானா? இது என்ன பெரிய வித்தை?" என்றேன். பள்ளிக்கூடப் படி ஏறாதவளுக்கு மேடை கிடைத்தால் மூளை எங்கே வேலை செய்யும்? மிளகை மென்றேன், கன்னத்தில் தனகாவை அரைத்துப் பூசினேன், மல்லிகை வைத்தேன், எனக்கும் ஒரு தொப்பியை மடக்கித் தைத்தேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

பர்மாக்காரி நீ, 'கோ செல்வம்' என்று உன் வீட்டுக்காரரைத் தெரு முழுக்கக் கூப்பிடுகிறாய். எனக்கு அது ஆகாது. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் புருஷன் பேரைச் சொல்லாத பழக்கம் ஞானஸ்நானத் தண்ணீரில் கரையவில்லை. போதாததற்கு அவருக்கு வைத்தது வேதத்தில் வருகிற பேர். கோலியாத்தைக் கவண்கல்லால் அடித்தாரே, அவர் பேர். வேதத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் அவர்தானாமே! கோவில் பாட்டில் அந்தப் பேர் வந்தால் நான் இருமிவிடுவேன். வருஷக்கணக்கில் இருமியதைப் பார்த்து, எனக்குக் காசநோய் என்று பாஸ்டரம்மா ஜெபத்தில் என்னைச் சேர்த்துவிட்டார்.

சரி, மேடைக்கு வா. மண்டபம் நிறைய ஆள். முன்வரிசையில் என் மாமியார். 'இந்த மாட்டுக்காரன் பாட்டை எவன் கேப்பான்?' என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டு, பிரியாணிக்காக வந்தவர்.

பாட்டு ஆரம்பித்தது. "சாமுவேல்!" என்று கத்தினேன். முதல் மேஜையில் ஒரு குழந்தை அழுதது, மற்றபடி நன்றாக இருந்தது. சாமுவேல் வாசித்தான். "ஊ சான்!" என்றேன். இரும்புக்கட்டை இழைந்தது பார், பொண்ணு மாப்பிள்ளைக்கே கால் ஆடியது. அடுத்து பிடில். இவர் எழுந்து வில்லைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறந்தேன்.

இருமல்தான் வந்தது.

"ஊ சான்!" என்றேன் மறுபடி. அவர் மறுபடி வாசித்தார். இவர் வில்லைத் தூக்கியபடி என்னைப் பார்க்கிறார். நான் மாமியாரைப் பார்க்கிறேன். "ஊ சான்!" பாவம், மூன்றாம் தரம். பகோடா திருவிழாவுக்கே போயிருக்கலாம் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எழுத்து தெரியாத எனக்கே படிக்க முடிந்தது. ஆட எழுந்த இரண்டு ஜோடியும் உட்கார்ந்துவிட்டார்கள். ஊ தெய்ன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

விடக்கூடாது என்று நினைத்தேன். "கோலியாத்தை அடிச்சவரே!" என்று கத்தினேன்.

இவர் பின்னால் திரும்பி யாரைக் கூப்பிடுகிறேன் என்று பார்த்தார்.

"இன்சீன் பட்டறை ஐயா! எம் பிள்ளைங்க அப்பா!" ம்ஹூம். பேர் வந்தால்தான் வாசிப்பார். மற்ற விஷயத்திலெல்லாம் வளைகிற மனுஷன், இந்தப் பாட்டுச் சட்டத்தில் மட்டும் இரும்புத் தண்டவாளம். கடைசியில் அடிவயிற்றிலிருந்து, ரயிலில் கத்துகிற குரலில் கத்தினேன்.

"ஏஏஏங்க!"

அதுதான் தப்பு. அந்தக் குரலில் நான் 'ஏங்க' என்றால் வீட்டில் பாம்பு என்று அர்த்தம். மனுஷன் பிடிலை நாற்காலியில் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். அது மட்டுமா? மண்டபத்தில் இருந்த நம் தமிழ் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்று அவரவர் பெண்டாட்டியைத் தேடினார்கள். பிரியாணி மாஸ்டர் கரண்டியோடு சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து, "என்னா புள்ளே?" என்றார். ஊ சான் கையை எடுத்துவிட்டார். பாட்டு நின்றது. கரண்ட் இருந்தது மா எய், மைக் உட்பட எல்லாவற்றிலும் இருந்தது.

"என்னடி, என்ன ஆச்சு?" என்றார் இவர், மைக்குக்கு நேராக.

"ஒண்ணுமில்லைங்க. வாசிங்க."

"வாசிக்கத்தானே நின்னேன்? பேரைச் சொல்லு."

"அது மட்டும் வேணாங்க."

"ஊ சான் பேரை அத்தனை தரம் சொன்னே. எம் பேரு மட்டும் என்ன கசக்குதா?"

"உங்க அம்மா முன்னாடி உக்காந்திருக்காங்க. கொன்னுடுவாங்க."

அதுவும் மைக்கில் போனது. மண்டபமே என் மாமியாரைத் திரும்பிப் பார்த்தது. அவர் மெதுவாக எழுந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். தொலைந்தேன் என்று தொப்பியை முகத்துக்கு இறக்கினேன்.

"அடேய்!" என்று ஆரம்பித்து, பிள்ளை பேரை முழுசாகக் கத்தினார். (அந்த இடத்தில் பேரை நீயே போட்டுக்கொள்.) "இத்தனை வருஷமா கக்கூஸ் பக்கத்துல நின்னு பிடிலைத் தேய்ச்சியே, இப்ப கூப்பிட்டு உக்கார வெச்சிருக்காங்க, வாசிக்காம பொண்டாட்டிகிட்ட என்னடா பேச்சு? வாசிடா!"

சட்டப்படி பேர் வந்துவிட்டது. இவர் ஓடிப்போய்ப் பிடிலை எடுத்தார். என்ன சொல்வது! அத்தனை வருஷமும் அந்த வில்லில் சேர்ந்து கிடந்ததெல்லாம் கொட்டியது. முதலில் ஆடியது பிரியாணி மாஸ்டர், கரண்டியோடு. அவர் பெண்டாட்டி கரண்டியைப் பிடுங்கப் போய், அதுவே ஜோடி ஆட்டமாகிவிட்டது. அப்புறம் பொண்ணு, மாப்பிள்ளை, மேஜை மேஜையாக எல்லாரும். நான் நிம்மதியாக "ஊ சான்!" என்று கத்தினேன். அவர் மட்டும் என்னை முறைத்தார்.

முடிந்ததும் ஊ தெய்ன் வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சனிக்கிழமை வந்துடுங்க. ஆனா அந்தக் கிழவியம்மாவையும் கூட்டிட்டு வரணும். அவங்க இல்லாம எனக்குப் பாட்டு வேணாம்."

அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் மாமியாரை சைக்கா ரிக்ஷாவில் ஏற்றிப் போவோம். முன்வரிசையில் தனி நாற்காலி, பால் தேநீர். மற்ற பேரெல்லாம் நான், அந்த ஒரு பேர் அவர். மகனோடு சண்டை என்றால் அன்றைக்குப் பேர் வராது. இவர் மேடையிலிருந்தே மன்னிப்புக் கேட்கிறவரை ஊ சான் இழைத்துக்கொண்டே இருப்பார்.

மாமியார் கண்ணை மூடிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை, பிடில் முறை வந்தது. நாற்காலி காலி. தேநீரை மட்டும் பழக்கத்தில் வைத்திருந்தார்கள். இவர் வில்லைத் தூக்கிக்கொண்டு அந்த நாற்காலியையே பார்த்தார். இன்றைக்குச் சொல்லித்தான் தீருவது என்று நான் மூச்சை இழுத்தேன். அதற்குள் பின்னால் ஒரு மேஜையிலிருந்து, "அடேய்!" என்று கிழவியம்மா மாதிரியே ஒரு குரல். உடனே கடை முழுக்க, பர்மாக்காரர், நம் ஆட்கள், பரிமாறுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பேரைக் கத்தினார்கள். இவர் கண்ணைத் துடைத்துவிட்டு வாசித்தார். நான் இருமினேன். இப்போதும் அப்படித்தான். என் பேரப்பிள்ளைகள்கூட, "அம்மம்மா, தாத்தா பேர் என்ன?" என்று கேட்டுவிட்டு, நான் இருமுவதைப் பார்க்கக் காத்திருக்கும்.

ஐயோ, மேலே பார், தொட்டி வழிகிறது! மோட்டாரைப் போட்டுவிட்டு இவர் பிடிலோடு உட்கார்ந்துவிட்டார். கீரையை மூடு. ஏங்க! ஏஏங்க!

பார்த்தாயா, உன் கோ செல்வம் எட்டிப் பார்க்கிறார். உங்களை இல்லை, தம்பி, உள்ளே போங்கள்! மா எய், நீதான் ஒரு தரம் எங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிடேன், தண்ணீர் வீணாகப் போகிறது.