முயல்தோல் காலரை மென்றவன்

ஆசிரியர் திருமதி லோர்னா ஹாகன் அவர்களுக்கு,

பர்ச் ஹாலோவிலிருந்து ஒரெஸ்ட் போஹாச் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலம் என்று நம்புகிறேன். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாரும் நலம். தங்கள் வார இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்து டிராக்டர் விளம்பரம் வரை விடாமல் படிப்பவன் நான். இதுவரை ஒரு புகார்கூட எழுதியதில்லை. நாங்கள் பனித்தரையில் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் கர்லிங் போட்டி முடிவுகளில் என் பெயரைப் பெண்கள் அணியில் போட்டபோதுகூட எழுதவில்லை. அந்த வாரம் எங்கள் அணி ஆடிய ஆட்டத்துக்கு அது எனக்குப் பதவி உயர்வு.

ஆனால் சென்ற இதழில் ‘அந்தக் கால முகங்கள்’ பகுதியில் வெளியான படத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. பழைய பள்ளி முற்றம், முழங்காலளவு பனி, நடுவில் ஒரு சிறுவன். கீழே ‘மைரோன் சவ்சுக், 1950களில்’ என்று போட்டிருக்கிறீர்கள். முகங்கள் பகுதியில் முகமே இல்லாத படத்தைப் போட்டதற்கு முதலில் என் பாராட்டுகள். அந்தப் பையனின் தொப்பி புருவம் வரை இறங்கியிருக்கிறது, மஃப்ளர் மூக்கு வரை ஏறியிருக்கிறது, இடையில் தெரிவது இரண்டு கண்கள். அவையும் மூடியிருக்கின்றன. இதை வைத்து இவன் இன்னார் என்று எழுதியவர் போலீசில் சேர்ந்திருந்தால் பெரிய ஆளாக வந்திருப்பார்.

தாங்கள் இந்த ஊருக்கு வாழ வந்தவர், வயதிலும் சிறியவர். அதனால் சொல்கிறேன். அந்தக் காலத்தில் நம் சஸ்காட்செவன் மாகாணக் குளிரில் பிள்ளைகளை உடுத்தவில்லை, பொட்டலம் கட்டினார்கள். அடியில் மாவு மூட்டைத் துணியில் தைத்த உள்ளாடை. எத்தனை வெளுத்தாலும் போகாத ஆலையின் பெயர் சரியாக உட்காரும் இடத்தில் இருக்கும். அதன்மேல் உடம்பெல்லாம் அரிக்கும் கம்பளி, அதன்மேல் அண்ணனுடைய கால்சட்டை, அதன்மேல் அதற்கும் மூத்த யாரோ ஒருவனுடைய கால்சட்டை. கையுறைகள் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டி, கயிற்றைக் கோட்டுக் கைகளுக்குள் விட்டிருப்பார்கள். ஒரு கையுறையை யாராவது பிடித்து இழுத்தால் நம் மறுகை வந்து நம்மையே அறையும். எங்கள் பள்ளியில் சண்டைகளெல்லாம் இப்படித்தான் நடந்தன. அடித்தவனைப் பிடிக்க ஆசிரியையால் முடிந்ததே இல்லை. கடைசியில் மஃப்ளரை அம்மா பின்னால் முடிச்சுப் போடுவார். மூச்சுக் காற்று அதில் பட்டு உறைந்து பலகையாகிவிடும். பிறகு வீடு திரும்பி அடுப்பருகே நிற்கும்வரை அந்தப் பையனுக்கு வாய் கிடையாது.

இதனால் எத்தனை குழப்பம் வரும் என்பதற்கு என்னிடம் சாட்சி உண்டு. ஒரு கிறிஸ்துமஸ் விழா முடிந்து தேவாலய வாசலில் நின்ற பொட்டலங்களில் இரண்டை அப்பா தூக்கிக் குதிரைச் சறுக்குவண்டியில் வைத்துக்கொண்டு வீடு வந்தார். அம்மா அவிழ்க்கத் தொடங்கினார். முதல் பொட்டலத்துக்குள் நான் இருந்தேன். இரண்டாவதில் என் தம்பி ஸ்லாவ்கோ இருந்திருக்க வேண்டும். அம்மா அதற்கு மஃப்ளரை மட்டும் வாய்க்குக் கீழே தள்ளிவிட்டு, சாப்பிடக் கொடுத்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு காலியான பிறகுதான் தொப்பியைக் கழற்றினார்.

“ஐயோ, இது யார் பிள்ளை?”

“என்ன கேள்வி இது? என் பிள்ளைதான்,” என்றார் அப்பா, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

“நம்ம பிள்ளைக்கு எப்பங்க முடி செம்பட்டையாச்சு?”

அப்பா வந்து பார்த்தார். “டேய், நீ சவ்சுக் வீட்டுப் பையன்தானே? வண்டியில ஏத்தும்போதே சொல்றதுக்கென்ன?”

“யாரும் கேக்கலையே,” என்றான் மைரோன். பிறகு, “இன்னும் பெரோகி இருக்கா?” என்றான்.

அதே நேரத்தில் சவ்சுக் வீட்டில் ஸ்லாவ்கோ அவர்களுடைய பாலாடைக்கட்டி பெரோகியைத் தின்றுகொண்டிருந்தான். அங்கேயும் யாரும் கேட்கவில்லை.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். தாங்கள் வெளியிட்ட படத்தில் இருப்பது என் தம்பியின் கோட்டு. மாமாவுடைய ரயில்வே மேல்கோட்டைப் பிரித்து அம்மா தைத்தது. மேலே எலும்புப் பொத்தான்கள், கடைசியில் மட்டும் ரயில்வேக்காரர்களின் பித்தளைப் பொத்தான். காலர் முயல்தோல். அதன் இடப்பக்கத்தை ஸ்லாவ்கோ மென்று மென்றே மொட்டையாக்கிவிட்டான். “முயலைத் தின்னணும்னா சொல்லித் தொலை, சமைச்சுப் போடறேன். காலரை விடு,” என்று அம்மா தினமும் கத்துவார். படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கடைசிப் பொத்தான் மின்னுகிறது. இடப்பக்கக் காலர் மொட்டை.

அந்தக் கோட்டை வேறு யாரும் போட்டிருக்க வழியில்லை. காரணம் சொல்லவேண்டியிருக்கிறது. ஸ்லாவ்கோவுக்கு ஆறு வயதில், ஒரு ஜனவரியில், நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வந்தது. டாக்டரின் வண்டி பனியில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. அவர் நடந்து வந்து சேர்ந்தபோது அவருக்கு வேலை இருக்கவில்லை. மண் இரும்பாக இறுகியிருந்ததால் குழி வெட்ட முடியவில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது வழக்கம், பனி உருகும்வரை பெட்டியைத் தானியக் கொட்டகையில் வைத்திருப்பார்கள். முதல் நாள் இரவு உணவின்போது அம்மா பாதியில் எழுந்து, ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து, தூசி தட்டி, கொட்டகைக்குக் கொண்டுபோனார். அப்பா, “எதுக்கும்மா?” என்றார். அம்மா, “அங்க அடுப்பு இல்லையே,” என்றார். பனி உருகியபின் ஆணி அடித்த பெட்டி குழியில் இறங்கியதை நான் பார்த்தேன். கோட்டும் அதற்குள் போயிற்று. அந்த இலையுதிர் காலத்தில் என்னை சஸ்கட்டூன் நகரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவால் வீட்டைக் கவனிக்க முடியவில்லை. நான் திரும்பி வந்தபோது அந்த ஆணியில் காலண்டர் தொங்கியது.

எங்கள் வீட்டில் காமிரா கிடையாது. ஸ்லாவ்கோவுக்கு ஒரு படம் இல்லை. அவன் இறந்த வாரம் பனிப்புயலில் தங்கள் இதழே வரவில்லை, ஆகவே அச்சில் அவன் பெயரும் இல்லை. அவன் முகம் எனக்கு இப்போது சரியாக நினைவில்லை, காலர்தான் நினைவிருக்கிறது. ஆகவே அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு என்ன ஆயிற்று என்று எழுதப்போவதில்லை. என் மனைவி ஹலினா முழங்கால் வலி என்று நினைத்துத் தைலம் எடுத்து வந்தாள்.

மறுநாள் காப்பிக் கடையில் மைரோனிடம் நேரடியாகவே சொன்னேன்.

“மைரோன், அது நீ இல்லடா.”

“பேப்பர்ல போட்டிருக்கே.”

“பேப்பர்ல என்னைப் பொம்பளைங்க டீம்லகூடத்தான் போட்டாங்க.”

“அதுல என்ன தப்பு? நீ வீசின வீச்சுக்கு அவங்கதான் கோவிச்சுக்கணும்.”

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. “அது ஸ்லாவ்கோவோட கோட்டு,” என்றேன். அவன் முகம் மாறியது. சர்க்கரை போடாத காப்பியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான். பிறகு தின்றுகொண்டிருந்த ஆப்பிள் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். மைரோன் சவ்சுக் ஒரு தட்டைப் பாதியில் வைத்து எவரும் பார்த்ததில்லை. குற்ற உணர்ச்சி என்று புரிந்துகொண்டேன்.

எனவே தாங்கள் அடுத்த இதழில் ‘படத்தில் இருப்பவர் ஸ்லாவ்கோ போஹாச்’ என்று திருத்தம் வெளியிட வேண்டும். டிராக்டர் விளம்பரத்துக்கு மேலே இடம் இருந்தாலும் போதும். தங்கள் குடும்பத்தாருக்கு என் அன்பு. குளிர் இறங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். தங்கள் பிள்ளைகளை அவிழ்த்துப் பார்த்த பிறகே சோறு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரெஸ்ட் போஹாச்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மைரோன் வந்தான். சமையலறையில் தொப்பியைக் கழற்றாமலே நின்றான்.

“படத்துல இருக்கறது நான்தான், ஒரெஸ்ட். ஆனா கோட்டு அவனோடது. அன்னைக்குக் கடையில எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது?”

“அது பெட்டிக்குள்ள போச்சுடா.”

“போகல. ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி உங்கம்மா எடுத்துட்டாங்க. நீ சஸ்கட்டூன் போனியே, அந்தக் குளிர்ல எங்க வீட்டுக்கு வந்தாங்க. அவங்களே எனக்குப் போட்டு விட்டாங்க. பொத்தானெல்லாம் போட்டு முடிச்சாங்க, கழட்டினாங்க, மறுபடியும் போட்டாங்க. ‘மண்ணுக்குள்ள அவனுக்கு இனிமே குளிராது, உனக்குத்தான் குளிரும்’னாங்க. காலரோட இன்னொரு பக்கத்தை மெல்லலாம்னு பாத்தேன். அதை மட்டும் தொடக்கூடாதுன்னுட்டாங்க.”

“இத்தனை வருஷமா ஏன்டா சொல்லல?”

அவன் என்னைப் பார்த்தான். “நீ கேக்கலையே.”

ஹலினா பெரோகி வைத்தாள். இந்தத் தடவை தட்டைக் காலி செய்தான்.

ஆகவே மேலே எழுதிய புகாரை முழுவதுமாகத் திரும்பப் பெறுகிறேன். தங்கள் இதழ் போட்டது சரி. கடிதத்தைக் கிழித்திருக்கலாம், ஆனால் ஸ்லாவ்கோவைப் பற்றி நான் இவ்வளவு எழுதியது இதுதான் முதல் தடவை, கிழிக்க மனம் வரவில்லை. மைரோனின் பெயரை மாற்ற வேண்டாம். அந்தப் படத்தை மறுபடி எப்போதாவது வெளியிட்டால், படம் எடுத்தவரின் பெயரை ஓரத்தில் சின்ன எழுத்தில் போடுவீர்கள் அல்லவா, அந்த இடத்தில் இப்படி ஒரு வரி சேர்த்தால் போதும்:

கோட்டு: ஸ்லாவ்கோ போஹாச்.