வசதியான தையல்காரர் கேட்கும் ஏழ்மைச் சான்று

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே அக்காவும் பிள்ளைகளும் சுகமென்றே நம்புகிறேன்.

உங்கள் மருமகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. வீட்டு வருமானம் குறைவாக இருந்தால் கட்டணத்தில் பெரும்பங்கை அரசாங்கமே கொடுக்குமாம். "படிவத்தை நானே நிரப்புறேம்பா" என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. வருமானம் என்று ஒரு கட்டம். இருபது வருஷமாக யார் கேட்டாலும் கூட்டிச் சொல்லியே பழகியவன், சும்மா ஒரு கௌரவத்துக்கு இரண்டு மடங்காக எழுதினேன். சொத்து என்ற கட்டத்தில் தையல் மெஷின் மூன்று என்றேன். இரண்டு ஓடாது என்று எழுத அங்கே இடமுமில்லை, எனக்கு மனசுமில்லை. 'உங்கள் வசதிக்கு உதவி தேவையில்லை' என்று பதில் வந்தது. படித்ததும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் உங்கள் தங்கை பார்த்த பார்வை இருக்கிறதே!

சரி, நேரில் சொல்லிப் பார்க்கலாம், ஆபீசுக்குக் கசங்கின சட்டையோடவா போறதுன்னு, கடைக்குப் பட்டன் தைக்க வந்திருந்த கோட்டை மாட்டிக்கிட்டுப் போனேன். "நான் ஏழைங்க சார்"னேன். அதிகாரி கோட்டையே பாக்கறார். அந்த நேரம் பாத்து, வரிசையில பின்னாடி நின்ன ஆள், "அண்ணே, அது என் கோட்டுல்ல?"ன்னுட்டான். கழட்டிக் குடுத்தேன். உள்ளே சட்டை முதுகுல கிழிசல். ஊர்த் துணியெல்லாம் தைக்கிறவன் மானம் அங்கேயே போச்சு. அதிகாரி சிரிக்கவே இல்ல. "உங்க நிலைமை தெரிஞ்ச சொந்தக்காரர்கிட்ட வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க, இல்லேன்னா இந்த வருஷம் கிடையாது"ன்னுட்டார்.

மச்சான், உங்ககிட்ட இத்தனை நாள் சொன்னதெல்லாம் பொய். ரெண்டாவது கடை நான் திறக்கவே இல்ல. மூணு பேரெல்லாம் வேலைக்கு இல்ல, நான் ஒருத்தன்தான். போன தடவை நீங்க வந்தப்ப கடையில உக்காந்திருந்தவங்க, பக்கத்து சலூன்ல இடமில்லாம வந்தவங்க. பொண்ணு படிக்கணும் மச்சான். என் கௌரவம் எக்கேடு கெட்டாலும் கெடட்டும். 'இவனுக்கு ஒண்ணுமே இல்லை'ன்னு ஒரு கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்க.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு (உறையை ஒட்டிவிட்டதால் வெளிப்பக்கம் எழுதுகிறேன்): அதிகாரி விசாரணைக்கென்று இப்போதுதான் கடைக்கே வந்தார். வாசலில் நின்று ஒரே ஒரு தடவை உள்ளே பார்த்தார். "கடிதமெல்லாம் வேணாங்க" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். உங்கள் மருமகள் படிக்கப் போகிறாள்! தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனசு வராமல் அனுப்புகிறேன். ஆகவே மச்சான், தயவுசெய்து உறையைப் பிரிக்க வேண்டாம். உள்ளே விசேஷம் ஒன்றுமில்லை. நாங்கள் ரொம்ப வசதியாக இருக்கிறோம்.