மைக்செட் அண்ணனுக்கு வந்த மூன்று புகார்கள்

பிள்ளைகளே, ஜப்பானிலிருந்து தேவகோட்டைக்குப் போன் இல்லாமலே பேசக்கூடிய தொண்டை இந்த உலகத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. நாங்கள் அவரை மைக்செட் என்போம்.

அங்கே ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் அவர் பரோட்டா போட்டார், நான் தோசை ஊற்றினேன். இருவருக்கும் ஒரே அறை. அந்தக் கட்டடத்தில் தும்முவதென்றால்கூடக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மைக்செட் காலையில் நாக்கு வழித்தால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும்.

அவருடைய அம்மாவுக்குக் காது மந்தம். கடைக்குக் கிளம்புமுன் தினமும் போன் போட்டு, "ஆத்தா, காப்பி குடிச்சியா?" என்று கத்துவார். அந்த அம்மா, "யாரு?" என்பார். திரும்ப முதலிலிருந்து கத்துவார். மூன்றாவது தடவைக்குள் எனக்கே காப்பி வேண்டியிருக்கும்.

கட்டட ஆபீசிலிருந்து இரண்டு புகார்க் கடிதம் வந்தது. எங்கள் காரைக்குடியில் என்றால் வாசலில் நின்று திட்டியிருப்பார்கள், அன்றோடு தீர்ந்திருக்கும். அங்கே படியில் பார்த்தால் குனிந்து வணங்குவார்கள், மேலே போய்ப் புகார் எழுதுவார்கள்.

ஒருநாள் மைக்செட் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். எங்கே போகிறீர்கள் என்றேன்.

"கீழ்வீட்டுல ஏதோ துக்கம்டா. ஒரு வாரமா ஒரு சத்தமில்ல. விசாரிக்காம இருந்தா நம்மல்லாம் மனுசனா?"

"அவுக எப்பவுமே அப்படித்தான்ண்ணே" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார்.

அந்த வயதான தம்பதி கதவைத் திறந்ததும் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, பத்து நிமிடம் தலை குனிந்து இருந்திருக்கிறார். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதே. சொல்லாமலே எழுந்து வந்துவிட்டார். மறுநாள் மூன்றாவது புகார்.

இனி ஒன்று வந்தால் கடைக்கே அறை கிடையாது, அவரை ஊருக்கு அனுப்புங்கள் என்றது ஆபீஸ். முதலாளி எங்களை அங்கே கூட்டிப்போனார். அந்த ஊர்ப் பேச்சு கொஞ்சம் தெரிந்தவன் நான்தான். அவர் அம்மாவுக்குக் காது கேட்காது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அதை அடக்கம் என்று நினைத்து ஆபீஸ்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு இன்றும் உறுத்துகிறது.

விமான நிலையத்தில் மைக்செட் என் தோளைத் தட்டினார். "விடுடா. இனி ஆத்தாகிட்ட நேர்லயே கத்திக்கிறேன்." நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நானும் ஊர் திரும்பிவிட்டேன். போன மாதம் அந்த அம்மா இறந்துபோனார். தேவகோட்டைக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்தேன்.

மறுநாள் காலையில் போன் வந்தது. மைக்செட்தான். "காப்பி குடிச்சியாடா?" என்று அவ்வளவு மெதுவாகக் கேட்டார். எனக்கு நன்றாகவே கேட்டது.

"யாரு?" என்றேன்.