நீதிபதிக்குக் காலில் கட்டு

"நொண்டுடா! ஒரே ஒரு தடவை நொண்டிக் காட்டேன், உனக்குப் புண்ணியமாப் போகும்!"

மெலித்தோன் கெஞ்சாத குறையாகக் கெஞ்சினார். முன்னங்காலில் பெரிய வெள்ளைக் கட்டோடு ஒட்டகக் கழுத்தும் ஆட்டுக் கம்பளியுமாக இருக்கும் அந்த அல்பாக்காக் கடா, ஊர்வலத்தில் போவது போல நிமிர்ந்து நடந்தது. எதிரே வருபவர்களை எல்லாம் குற்றவாளிகளைப் போலப் பார்ப்பதால் அதற்கு 'நீதிபதி' என்று பெயர் வைத்திருந்தாள் அவர் மனைவி நிக்காசியா.

"அதுக்குப் பொய் சொல்ல வராதுய்யா. அந்தக் கலை உனக்கு மட்டும்தான்," என்றாள் அவள், கல்சுவரில் சாய்ந்து நூல் திரித்தபடி.

"நீ சும்மா இரு. இன்னிக்கு ஆபீஸ்காரர் வர்றார். ஒரு மிருகத்துக்காவது சீக்கு இருந்தாத்தான் டாக்டரம்மா இங்க இருப்பாங்க."

விஷயம் இதுதான். கால்நடை டாக்டர் ரொசாவ்ரா இந்த மலையூர் கெல்யோபாட்டாவுக்கு வந்ததிலிருந்து அல்பாக்காக்களுக்கு நோய் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் இல்லாமலே போய்விட்டது. 'நோயில்லாத ஊருக்கு டாக்டர் எதுக்கு?' என்று நகரத்தில் பேசிக்கொள்கிறார்களாம். கால்நடை மையத்தை மூடலாமா என்று பார்க்க ஆள் வருகிறதாம். லாரிக்காரன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மெலித்தோனுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த அம்மாவுக்கு முன்னால் ஒரு மாட்டு டாக்டர் வந்தார். அல்பாக்காவைக் கன்றுக்குட்டி என்று நினைத்து மருந்து கொடுத்தார். அவருக்குப் பிறகு வந்தவர் நாய் வைத்தியம் மட்டும் தெரிந்தவர். நீதிபதி முகத்தில் துப்பிய அன்றே பஸ் ஏறினார். அந்த வருஷ மழைக்காலத்தில், காலையில் பிறந்து துள்ளிய குட்டிகள் கழிச்சல் கண்டு வரிசையாகச் செத்தன. ஒவ்வொன்றையும் போர்வைக்குள் அணைத்துக்கொண்டு போய்ப் புதைத்தவர் மெலித்தோன். அதன் பிறகுதான் ரொசாவ்ரா வந்தாள். பட்டியில் ஈரம் தங்கக்கூடாது என்றாள். குட்டி முதல் பாலைக் குடித்ததா என்று முட்டி போட்டுக் குனிந்து பார்த்தாள். இந்த மழைக்காலத்தில் மெலித்தோன் ஒரு குழிகூடத் தோண்டவில்லை.

அவளை விட்டுவிட முடியுமா?

கட்டு மட்டும் போதாது என்று தோன்றியது. அடுப்புக்கரியைக் கொழுப்பில் குழைத்து நாலைந்து அல்பாக்காக்களின் வயிற்றில் சொறி போலப் பூசினார். கை துடைப்பதற்குள் மேட்டில் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வருவது தெரிந்தது. பளபளக்கும் தோல் ஷூ, கழுத்தில் டை. உயரம் ஒத்துக்கொள்ளாமல் முகம் வெளிறியிருந்தது.

"டாக்டர்... இருக்காங்களா?"

"மேல் பட்டியில பிரசவக் கேசு, போயிருக்காங்க. வாங்க ஐயா. எங்க கஷ்டத்தைப் பாக்கத்தானே வந்தீங்க?"

வந்தவர் தயங்கினார். "பாத்துட்டுப் போகலாம்னுதான்... சொல்லாம வந்தேன். சொல்லிட்டு வந்தா எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சுருவாங்க."

ஆபீஸ்காரரேதான்! நிக்காசியா மலை மயக்கம் தெளியக் கோக்கா இலைத் தேநீரை நீட்டினாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கேட்டார்: "டாக்டருக்கு இங்க வேலை அதிகமோ?"

"அதிகமாவா? மூச்சு விட நேரமில்லீங்க! பனி கொட்டறப்ப கூப்பிட்டாலும் தனியா நடந்து வருவாங்க."

"தனியாவா?" அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "சாப்பாடு?"

"சாப்பிட எங்க நேரம்? சில நாள் பச்சைத் தண்ணிதான்!"

நிக்காசியா பின்னாலிருந்து புருஷன் முதுகைக் கிள்ளினாள். மெலித்தோன் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்.

"போன வாரம் ஆத்துல வழுக்கி விழுந்துட்டாங்க. எந்திரிச்சு நேரா வைத்தியம் பாக்கப் போயிட்டாங்கன்னா பாத்துக்குங்க!"

இது முழுப்பொய். விழுந்தது மெலித்தோன்தான்.

வந்தவர் எழுந்து நின்றார். அந்த நேரம் பார்த்து நீதிபதி கழுத்தை நீட்டி, காதை மடக்கி, அவர் டையின் மேல் பச்சையாகத் துப்பியது.

"டாக்டர் மேலயும் இப்படித் துப்புமா?"

"தினமும்!" என்றார் மெலித்தோன் பெருமையாக. "சொறி வேற ஒட்டும். பாருங்க அந்த வயித்தை!"

வந்தவர் கைக்குட்டையை எடுத்தார். டையைத் துடைக்காமல் நெற்றியைத் துடைத்தார். "போதும். இனிமே ஒரு நாள்கூட இங்க விட்டுவைக்க மாட்டேன். இன்னிக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

மெலித்தோன் நிக்காசியாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு வார்த்தை பேசேன்," என்றாள் நிக்காசியா. "மையத்தோட கூரையையும் பிரிச்சு எடுத்துட்டுப் போகட்டும்."

மெலித்தோன் ஓடிப்போய் நீதிபதியின் கட்டை அவிழ்த்து எறிந்தார். போர்வை நுனியால் ஓர் அல்பாக்காவின் வயிற்றைத் தேய்த்தார். கரி கையோடு வந்தது.

"எல்லாம் பொய்யிங்க! ஒண்ணுக்கும் சீக்கில்ல. டாக்டரம்மாவுக்குக் கஷ்டமும் இல்ல. எங்க போனாலும் ஊர்ல ஒருத்தர் துணைக்குப் போவோம். ஆத்துல விழுந்தது நான்."

வந்தவர் அவரை உற்றுப் பார்த்தார். "சாப்பாடு?"

"எங்க வீட்லதான். கினுவாத் தானியக் கஞ்சி ரெண்டு கிண்ணம். மூணாவது கேக்க வெக்கப்படும், அதனால நானே ஊத்திருவேன்," என்றாள் நிக்காசியா.

"குளிருக்கு?"

"நான் நெய்த கம்பளி மூணு இருக்கு. போன ஞாயித்துக்கிழமைகூட வெயில்ல உக்காந்து எங்களோட சிரிச்சுக்கிட்டே நூல் திரிச்சுது. நூல்தான் சரியா வரல."

மெலித்தோன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "ஐயா, வேலையே இல்லன்னு எழுதிடாதீங்க. வேலை இல்லாம ஆக்குனதுதான் அவங்க செஞ்ச வேலை. அவங்க போயிட்டா அடுத்த மழையில நான் மறுபடி குழி தோண்டணும். என்னால முடியாதுங்க."

நிக்காசியா நூல் திரிப்பதை நிறுத்தினாள்.

வந்தவர் புல்வெளியில் தாய்களைச் சுற்றி ஓடும் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இருக்கட்டும். அவ இங்கயே இருக்கட்டும்."

மெலித்தோனுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. சுருக்கென்று கோபம்தான் வந்தது. "ஆபீஸரா இருந்தா என்னய்யா? எங்க டாக்டரம்மாவை அவ, இவன்னு பேசற வேலை வெச்சுக்காதீங்க!"

அப்போது மேட்டின் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் வந்து நின்றது. துணைக்குப் போன ஊர்ப் பையனை வண்டியோடு விட்டுவிட்டு, சேறு தெறித்த பூட்ஸோடு ரொசாவ்ரா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"மெலித்தோன் அண்ணே, ஆபீஸ்காரர் வரலையாம், மையத்தை மூடலன்னு போன்லயே சொல்லிட்டாங்க... அட, அப்பா! நீங்க எப்ப வந்தீங்க?"