பொகோட்டா அண்ணையிடம் மறைத்த செய்தி

ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் வாழும் தமிழர்களில், தென் அமெரிக்காவின் பொகோட்டா நகரத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர் என்று ஒருவரைக்கூட நீங்கள் காட்ட முடியாது. அந்த நகரம் இரண்டாயிரத்து அறுநூறு மீற்றர் உயரத்தில் இருப்பது எங்கள் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுக்கு முன்பே பாடம். எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே ஒரு மனிதர். அவருக்கும் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் பொகோட்டா அண்ணை.

மன்னார்க்காரர். ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. இளம் வயதில் கனடாவுக்கென்று புறப்பட்டவரை ஏஜென்சிக்காரன் பொகோட்டாவில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். குளிர், மழை, சுற்றிலும் கோட்டுப் போட்ட சனம். அண்ணை அதைக் கனடா என்றே நம்பிவிட்டார். "கனடா வந்து சேர்ந்திட்டன். இஞ்சை எல்லாரும் பிரெஞ்சு கதைக்கினம்" என்று வீட்டுக்குக் கடிதமும் போட்டார். அது பிரெஞ்சு இல்லை, ஸ்பானிஷ் என்று விளங்க நாலு நாள் பிடித்தது. அங்கிருந்து ஜெர்மனிக்கு வந்து சேர ஏழு மாதம். அந்த ஏழு மாதத்தைத்தான் முப்பது வருடங்களுக்கு மேலாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெளியே மழை என்று வாய் தவறிக்கூட யாரும் சொல்லிவிடக் கூடாது.

"இது மழையோ? பொகோட்டாவிலை ஒரு நாளுக்குள்ளை நாலு காலமும் வரும். காலமை சட்டையைக் கழட்டுவியள், மத்தியானம் குடையைத் தேடுவியள்."

ஒருமுறை பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளின் விருந்தில், சுடச்சுடச் சொக்லேற்றுக்குள் சீஸ் துண்டைப் போட்டு, "அந்த ஊர்ச் சனம் இப்பிடித்தான் குடிக்கிறது" என்று குடித்துக் காட்டினார். பதினொரு பிள்ளைகள் அவரைப் பின்பற்றின. பதினொரு வெள்ளை உடுப்புகளும் பழுதாயின. தாய்மார் ஒரு மாதம் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. எப்போதும் கதைப்பது அவர்தானே.

ஒரு கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்த இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். தேனிலவுக்குப் பொகோட்டாவில் விமானம் இறங்குவதிலிருந்து தொடங்கினார். இருபதாவது நிமிடத்திலும் மணமக்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்திருக்கவில்லை. மைக்காரர் வயரைக் கழற்றினார். அண்ணை குரலை உயர்த்திக்கொண்டார்.

இப்படிப்பட்டவர் இருக்கும் ஊரில், என் மகள் அனுஜாவுக்கு ஒரு செமஸ்டர் படிக்க இடம் கிடைத்தது எங்கே தெரியுமா? பொகோட்டாவில்.

"உந்தாளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. பிள்ளை வெளிக்கிடுமட்டும் எங்கடை குசினியிலைதான் குடியிருப்பார்" என்றாள் மனைவி. ஆகவே ஊருக்கெல்லாம் ஸ்பெயின் என்று சொன்னோம். அண்ணையும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். தப்பினோம் என்று இருந்தோம்.

மகள் போய் மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. இங்கே மாலை ஆறு மணி, அங்கே காலை பதினொன்று. நாங்கள் கோயில் மண்டபத்தில் கோடைகால ஒன்றுகூடலில் இருந்தோம். தொலைபேசி அடித்தது. மகள் அழுதாள். ஏறிய பஸ் வேறு வழியால் போய் எங்கேயோ இறக்கிவிட்டதாம். இன்ரநெற் வேலை செய்யாததால் வரைபடம் திறக்கவில்லை. தலை சுற்றியது. ஒருவன் தன் காரில் ஏறச் சொல்லி இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டான். பற்றரியும் முடியப்போகிறது.

மனைவி என் கையிலிருந்த தொலைபேசியைப் பறித்துக்கொண்டு மண்டபத்தின் குறுக்கே ஓடினாள்.

"அண்ணை, பிள்ளை துலைஞ்சு போனாள்! ஸ்பெயினிலை இல்லை, பொகோட்டாவிலை!"

அண்ணை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொலைபேசியை வாங்கினார்.

"பிள்ளை, அழாதையம்மா. மெல்லமாய் மூச்சு எடு. அங்கை காத்து மெலிசு, அதுதான் தலை சுத்துது. நிமிர்ந்து பார். மலை தெரியுதோ?"

"ஓம் அங்கிள். மேலை வெள்ளையாய் ஒரு சேர்ச்சும் தெரியுது."

"அது கிழக்கு. இப்ப பக்கத்துச் சுவரிலை காலே எண்டு போட்டுத் தெரு இலக்கம் ஒண்டு இருக்கும், வாசி."

"முப்பத்திநாலு. நான் போகவேண்டியது நாற்பத்தைஞ்சு."

"அப்ப வடக்கை நட. மலை எப்பவும் வலக்கைப் பக்கம் இருக்கோணும். ஒவ்வொரு சந்தியிலும் இலக்கம் கூடிக்கொண்டு வரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய றோட்டை மறிச்சுச் சைக்கிள் ஓட விடுவினம், அதுதான் பஸ் சுத்திப் போனது. அந்த றோட்டைப் பிடி. சனம் இருக்கும், பயமில்லை. காரிலை மட்டும் ஏறாதை. இப்ப வை. வீட்டுக்குள்ளை போனவுடனை எடு."

அரை மணி நேரம் காத்திருந்தோம். முப்பது வருடத்தில் முதல் தடவையாகப் பொகோட்டா அண்ணை பொகோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். சோறு பரிமாறியவர்கள்கூட அகப்பையோடு நின்றுவிட்டார்கள்.

தொலைபேசி அடித்தது.

"அப்பா, வந்திட்டன். கதவைப் பூட்டிப்போட்டன். பசிக்குது."

அந்தப் 'பசிக்குது' என்ற சொல்லைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மண்டபம் முழுவதும் கை தட்டியது. மனைவி அழுதுகொண்டே அண்ணைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஸ்பெயின் எண்டு பொய் சொல்லிப்போட்டம் அண்ணை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எனக்குத் தெரியும் தங்கச்சி" என்றார். "நீங்கள் கடையிலை கம்பளிச் சட்டை வாங்கேக்கை கண்டனான். ஜூலை மாசத்திலை ஸ்பெயினுக்கு ஆர் கம்பளிச் சட்டை கொண்டு போறது?"

"பிறகேன் எங்களை ஒண்டும் கேக்கேல்லை?"

"நீங்களாய்க் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவர் கதிரையில் இருந்தார். "ஒரு கோப்பி தாங்கோ" என்றார். கொண்டுவந்து கொடுத்தேன். அவர் கையில் கோப்பை தட்டில் கடகடவென்று அடித்தது.

"போய் இறங்கின முதல் கிழமை நானும் அங்கை துலைஞ்சு போனனான்" என்றார் மெல்ல. "போன் எடுத்துக் கேக்க எனக்கு ஆரும் இருக்கேல்லை."

நான் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும்வரை அந்தக் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.