காலி பேட்சுக்கு ரீசார்ஜ்

செருப்புத் தைக்கும் கடைக்கு மேலே, முதல் மாடியில், அதிசயம் நடந்துகொண்டிருந்தது. வரிசை படிக்கட்டில் இறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்க்கடை வாசலை மறைத்து நின்றது. அநேகமாக அத்தனை பேரும் நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். கையில் விசிறி, விசிறி கிடைக்காதவர்களுக்கு அட்டை. யாருக்கு எத்தனை தடவை வேர்த்தது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். மாதவிடாய் நிற்கும் வயதில் உடம்பு திடீரென்று அனலாய்க் கொதிக்கும். தூக்கம் போகும், தலை மந்தமாகும். அதற்கு டாக்டர் ஹார்மோன் பேட்ச் எழுதித் தருவார். இடுப்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும், வாரத்துக்கு இரண்டு. நன்றாகவே கேட்கும். விலையைக் கேட்டால் மட்டும் போன அனல் திரும்பி வந்துவிடும். இந்த இடத்தில்தான் நம் ரீசார்ஜ் ஐயா அவதரித்தார். பழைய பேட்சைத் தூக்கிப் போடாதீர்கள், கால் விலைக்குச் சக்தி ஏற்றித் தருகிறேன் என்று பலகை வைத்தார். செல்போனுக்கு ஏற்றலாம், பேட்சுக்கு ஏற்றக் கூடாதா? நியாயம்தானே.

ஐயா உடம்புக்கு டாக்டர் கோட்டு, கழுத்துக்கு மணிமாலை. எந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தாலும் சமாளித்துவிடலாம். செப்புத் தட்டில் பழைய பேட்சை வைப்பார். நூலில் கட்டிய மோதிரத்தை அதன்மேல் தொங்கவிடுவார். மோதிரம் அசையாது. அப்படியென்றால் காலி. பேட்சைத் தகரப் பெட்டிக்குள் மூன்று நிமிடம் வைத்து எடுப்பார். இப்போது மோதிரம் ஜோராகச் சுற்றும். அப்படியென்றால் ஃபுல். பசை போன பேட்சைப் புண்ணுக்குப் போடும் டேப்பால் அவரே ஒட்டியும் விடுவார். டேப் இலவசம்.

நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். எனக்கு அந்த வயது வர இன்னும் எட்டு வருடம் இருக்கிறது. தள்ளுபடி என்றதும் கால் தானாக நின்றுவிட்டது. கும்பலோடு கோவிந்தா.

எனக்கு விளையாட்டு. என் அக்காவுக்கு அப்படியில்லை. நாங்கள் வேலை பார்க்கும் தையல் ஃபாக்டரியில் நான் பட்டன் தைப்பவள், அக்கா துணி வெட்டுபவள். அறுபது மடிப்புத் துணியை அடுக்கி, கத்தி மெஷினை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். டாக்டர் கொடுத்த பேட்ச் இருந்தவரை நன்றாகத் தூங்கினாள், நேராக வெட்டினாள். பையனின் படிப்புச் செலவு வந்ததும் மருந்தை நிறுத்திவிட்டு ரீசார்ஜுக்கு மாறினாள். முதல் வாரம் பிரமாதம் என்றாள். இரண்டாம் வாரம் தூக்கம் போனது. மூன்றாம் வாரம் அறுபது பேன்ட்டுக்கும் இடது காலை நான்கு விரல் குட்டையாக வெட்டி வைத்தாள். ஃபாக்டரியே விழுந்து விழுந்து சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை நடந்தால் பாதிச் சம்பளத்தில் நூல் வெட்டப் போக வேண்டும் என்றார். மறுநாள் கத்தி அவள் கம்பிக் கையுறையைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னும் ஒரு நூலளவு நகர்ந்திருந்தால் ஆள்காட்டி விரல் துணியோடு போயிருக்கும். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது.

கிழிந்த கையுறையை எடுத்துப் பார்த்தவர் செக்கிங் அம்மா. தைத்த துணியில் குறை கண்டுபிடிப்பது அவர் வேலை. யார் தைத்தது என்ற சீட்டை மடித்து மறைத்துவிட்டுத்தான் துணியைக் கையில் எடுப்பார். ஆள் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார். பெற்ற மகள் தைத்த சட்டையைத் தெரியாமல் மூன்று தடவை திருப்பி அனுப்பிய புண்ணியவதி. ஐயாவின் மோதிரத்தையும் சீட்டில்லாமல் பார்த்துவிடலாம் என்றார்.

அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. நம்பிக்கை இல்லாமல் போனால் சக்தி இறங்கிவிடும் என்று ஐயா சொல்லியிருக்கிறாராம். "நம்பிக்கை உனக்கு இருக்கட்டும்மா. மோதிரத்துக்கு எதுக்கு?" என்று கேட்டார் செக்கிங் அம்மா. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு எங்களோடு வந்தாள்.

ஐயாவை மடக்குவது சுலபமாக இருந்தது. ஃபாக்டரியில் நானூறு பெண்கள் இருக்கிறார்கள், மொத்தமாக அழைத்து வருகிறோம், சின்னதாக ஒரு பரீட்சை மட்டும் என்றார் செக்கிங் அம்மா. நானூறு என்ற வார்த்தை ஐயா காதில் தேனாக இறங்கியது. ஆசை யாரை விட்டது?

ஒரே மாதிரி ஆறு கவர். அதில் என்னென்ன போட வேண்டும் என்று சொன்னவர் செக்கிங் அம்மா. எதை எதில் போட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என் மூஞ்சி எல்லா ரகசியத்தையும் உளறிவிடும் என்று என்னைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தார்கள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் அறைக்குள் முண்டியடித்தார்கள். நான் பார்த்ததெல்லாம் சுவரில் தொங்கிய காலண்டர். மீதியைக் காதால் கேட்டேன்.

முதல் கவர் காலி என்றார் ஐயா. இரண்டாவதும் காலி. மூன்றாவது பாதி. நான்காவது முக்கால். ஐந்தாவது சுத்தமாகக் காலி, இப்படியொரு காலியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். ஆறாவது கவரில் எல்லாரும் ஆவென்று வாயைப் பிளந்த சத்தம் கேட்டது. மோதிரம் காற்றாடியாகச் சுற்றியதாம்.

"இதுல நாற்பது நாள் சக்தி இருக்கும்மா," என்றார் ஐயா பரவசமாக. "யாரோடது இது?"

"என் வீட்டுக்காரர் காலோடது," என்றேன் சுவரைப் பார்த்தபடியே.

கவரைப் பிரித்தார்கள். கால் ஆணிக்குப் போடும் பிளாஸ்திரி. இரண்டு நாள் அவர் காலில் இருந்தது. வாசனையே சாட்சி சொன்னது. முதல் இரண்டு கவரில் இருந்தவை, நாங்கள் காசு சேர்த்து அன்று காலை வாங்கிய புத்தம் புது பேட்ச். மூன்றும் நான்கும் என்றைக்கோ கழற்றிப் போட்ட பழசு. சுத்தமாகக் காலியான ஐந்தாவது, முந்தின நாள் ஐயாவே காசு வாங்கிக்கொண்டு ஃபுல்லாக ஏற்றித் தந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அறையில் கெட்ட எண்ணம் புகுந்துவிட்டது என்றார் ஐயா. செக்கிங் அம்மா சண்டைக்குப் போகவில்லை. ஃபேனை நிறுத்தினார். என் மூக்குக்கு முன்னாலிருந்த காலண்டரைக் கழற்றி, அந்த ஆணியில் மோதிரத்தைக் கட்டித் தொங்கவிட்டார். அதன் அடியில் ஒவ்வொரு பேட்சாகக் காட்டினார். புதுசு, பழசு, ஐயா ஏற்றியது, என் வீட்டுக்காரர் பிளாஸ்திரி. மோதிரம் எதற்கும் அசையவில்லை. ஐயா விரலுக்குப் போனால் சுற்றியது, ஆணிக்கு வந்தால் நின்றது. "அப்ப சக்தி அவர் விரல்லதான் இருக்கு, விரலை வெட்டி ஒட்டிக்கலாமா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். அதற்குப் பிறகு யாராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஐயா கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். மாலையை மறக்கவில்லை. அடுத்த ஊரில் தேவைப்படும்.

அக்கா மட்டும் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள். "ஏமாந்தது போகட்டும்டி," என்றாள். "நல்லாத் தூங்கிட்டிருந்த என்னை நானே எழுப்பி விட்டுட்டேனே."

செக்கிங் அம்மா அவள் கையைப் பிடித்து நேராக மருந்துக்கடைக்கு இழுத்துப் போனார். கடையில் முன்னும் பின்னும் ஆண்கள். அக்கா வழக்கம்போல டாக்டர் சீட்டை நாலாக மடித்து நீட்டிவிட்டுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செக்கிங் அம்மா அவள் விலாவில் இடித்தார். அக்கா தலையை நிமிர்த்தினாள்.

"எனக்கு மாதவிடாய் நின்னுபோச்சு. அதுக்கு எழுதின ஹார்மோன் பேட்ச் இது. இதே மருந்து விலை கம்மியா வேற கம்பெனியில இருக்கா?"

வரிசையில் ஒருவர் இருமினார். கடைக்காரர் இருமவில்லை. அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனி, பாதி விலை. டாக்டரிடம் சொல்லி மாற்றி எழுதி வாங்கி வாருங்கள் என்றார். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அக்கா எகிறினாள்.

"நீங்க எங்கம்மா கேட்டீங்க?" என்றார் அவர்.

அவர் சொன்னது உண்மை. தெருவை அடைத்து நின்று எங்கள் வேர்வையைப் பற்றி ஊருக்கே சொன்ன நாங்கள், மருந்துக்கடையில் ஒரு வார்த்தை கேட்கக் கூசினோம். அந்தக் கூச்சத்தில்தான் ஐயா வாடகை கட்டினார். டாக்டர் மாற்றி எழுதித் தந்தார். அக்கா இப்போது தூங்குகிறாள். பத்து விரலும் பத்திரமாக இருக்கின்றன, பேன்ட்டுக்கு இரண்டு காலும் ஒரே உயரத்தில் வருகின்றன. அதனால் சொல்கிறேன், யாராவது உங்கள் முன்னால் மோதிரத்தைச் சுற்றிக் காட்டினால் மோதிரத்தைப் பார்க்காதீர்கள். பிடித்திருக்கும் கையைப் பாருங்கள்.